எத்தனை அடி?

நுழையும்முன்

கண்முன் நிற்கும் அனைத்தையும் ஒளிப்படம் பதிவு செய்துவிடுகிறது. ஆனால், அவற்றுக்கிடையே உள்ள தொலைவைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. அதைக் கண்டுபிடிப்பது ஆவடியில் ஒரு வீட்டில் விளையாட்டாக இருந்தது. ஒருநாள் அந்த விளையாட்டு, விளையாட்டாக இல்லாமற் போனது.

ஒளியும் நிழலும் புகையும்

கருவி எடுத்துத் தரும் படத்துக்குத் தமிழில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. ஒளியால் உருவாவதால் அது ஒளிப்படம். உருவத்தின் நிழலைப் பிடித்து வைப்பதால் நிழற்படம். அன்றாட வழக்கில் அது புகைப்படம். ஒளி, நிழல், புகை ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று இசையாதவை. ஆயினும் ஒரே தாளில் அமைதியாகக் குடியிருக்கின்றன. ஆவடியில் வாழும் பெரியவர் ஒருவர் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். "ஒளி வரைகிறது, நிழல் தங்குகிறது, தூரம் மட்டும் புகையாய்ப் போய்விடுகிறது" என்பார்.

அவர் ரயில் ஓட்டுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஒரு சொல்லைக் கேட்டவுடன் அதைப் புரட்டிப் பார்த்து, அடியில் வேறு பொருள் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவது அவருடைய வழக்கம். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் பேரன் அவருக்கு வாய்த்த நல்ல எதிராளி. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பழைய படத்தொகுப்பை விரித்து வைத்துக்கொண்டு இருவரும் விளையாடுவர். ஒருவர் படத்தில் ஓர் இடத்தைத் தொட்டுக்காட்ட வேண்டும். படம் எடுத்தவர் நின்ற இடத்திலிருந்து அது எவ்வளவு தொலைவு என்று மற்றவர் சொல்ல வேண்டும். தோற்றவர் தேநீர் போட வேண்டும்.

அந்தத் தொகுப்பில் மாமல்லபுரத்தில் எடுத்த படம் ஒன்று இருந்தது. வெண்ணெய் உருண்டைப் பாறை என்று பெயர் பெற்ற அந்தப் பெரும்பாறையை, ஐந்து வயதுப் பேரன் உள்ளங்கையில் ஏந்தி நிற்பான். அங்கே செல்வோர் பலரும் எடுத்துக்கொள்ளும் படம்தான் அது. கையைப் படம் எடுப்பவருக்கு அருகிலும் பாறையைத் தொலைவிலும் வைத்துவிட்டால், பல டன் எடையுள்ள கல் ஒரு லட்டு உருண்டையாகிவிடும். பாறை சிறியதாகவில்லை, கை பெரியதாகவுமில்லை. இடையிலிருந்த வெளி மட்டும் காணாமற் போயிருக்கிறது. தோற்றம் அப்படியே இருக்க, தொலைவு தொலைந்துவிடுகிறது.

அடி மேல் அடி

"எத்தனை அடி, தாத்தா?" என்று பேரன் கேட்பான்.

"யார் கொடுக்கிற அடி?" என்று தாத்தா திருப்பிக் கேட்பார்.

அடி என்னும் ஈரெழுத்துச் சொல் தமிழில் செய்யாத வேலை இல்லை. அது பாதம், பாதத்தின் நீளத்தால் பிறந்த அளவு, நடக்கும்போது எடுத்து வைக்கும் எட்டு, மரத்தின் கீழ்ப்பகுதி, பானையின் அடிப்புறம், கன்னத்தில் விழுவது, பாட்டில் வருவது. யாப்பிலக்கணம் படித்த பேரன் விடுவதில்லை. "நான்கு சீர் கொண்டால் அளவடி. அளப்பதற்கென்றே ஓர் அடி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது, தாத்தா" என்பான். அன்றைய தேநீரைத் தாத்தா போட்டுவிடுவார்.

அவர்கள் வாழும் ஊரின் பெயரையும் இந்த விளையாட்டு விட்டுவைக்கவில்லை. ஆ என்பது பசு. ஆ என்பதோடு அடி சேர்ந்தால் இடையில் வகர உடம்படுமெய் தோன்றி ஆவடி ஆகும். "பசுவின் அடி பட்ட ஊர் இது" என்று பேரன் இலக்கணம் சொல்வான். "இல்லை, 'ஆ!' என்று அலறும்படி அடி விழுந்த ஊர்" என்பார் தாத்தா. இரண்டும் சொல் விளையாட்டே அன்றி ஊர்ப்பெயர் ஆராய்ச்சி ஆகா. இவற்றைவிடப் புகழ் பெற்ற விளையாட்டு ஒன்றும் உண்டு. 'ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்டு அம்யூனிஷன் டிப்போ ஆஃப் இந்தியா' என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே ஆவடி ஆயிற்று என்று பலர் உறுதியாகச் சொல்வர். பீரங்கி வண்டிகளைச் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை இங்கே அமைந்ததால், இந்த விளக்கம் பொருந்துவதுபோலத் தோன்றுகிறது. ஆனால், அந்தத் தொழிற்சாலை 1961ஆம் ஆண்டில் தோன்றியது. அதற்கு முன்பே, 1955ஆம் ஆண்டு சனவரியில், காங்கிரசுப் பேரவையின் புகழ்பெற்ற மாநாடு ஆவடி என்னும் பெயருள்ள ஊரில்தான் நடந்தது. பொருந்துவதெல்லாம் உண்மை ஆகிவிடுவதில்லை. இது சொல்லுக்கும் பொருந்தும், படத்துக்கும் பொருந்தும்.

தொலைவைக் குறிக்கும் சொற்கள் பலவும் இப்படி இரட்டை வேடம் இடுபவை. தொலைவு என்றால் தூரம். தொலைவது என்றால் இழப்பது. சேய் என்றால் குழந்தை. சேய்மை என்றால் நெடுந்தூரம். வெளியூரில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கு இந்த இரண்டும் ஒரே சொல்லாக இருப்பதில் வியப்பு இருக்காது. கல் என்றால் பாறைத்துண்டு; சாலையோரம் நட்டு வைத்த அந்தக் கல்லால் மைலுக்கும் கல் என்றே பெயர். ஆசிரியர் "கல்" என்றால் "படி" என்று பொருள். கடைக்காரரிடம் படி என்பது அளவு. அளவு கேட்டால் வழிப்போக்கர் மறுபடியும் "இரண்டு கல்" என்பார். கல்லில் தொடங்கிய சொல் படியேறி அளவைத் தொட்டுக் கல்லுக்கே திரும்பிவிடுகிறது.

இந்தச் சொற்களில் ஓர் உண்மையும் இருக்கிறது. பழைய தமிழர் தூரத்தைத் தம் உடம்பால் அளந்தனர். விரல், சாண், முழம், அடி என்பவை உடலின் உறுப்புகளிலிருந்து பிறந்த அளவுகள். அதற்கு மேற்பட்டதைக் கையெட்டும் தூரம், கல்லெறி தூரம், கூப்பிடு தூரம், கண்ணுக்கெட்டிய தூரம் என்று வகுத்தனர். கை, தோள், குரல், கண் என ஒவ்வொன்றாக வலிமை தீர்ந்துபோகும் இடமே எல்லை. படத்திலோ கையை நீட்ட முடியாது, கல்லெறிய முடியாது, கூப்பிடவும் முடியாது. எஞ்சியிருப்பது கண் ஒன்றுதான்.

ஒன்று தெரிந்தால் போதும்

கண் மட்டும் இருக்கும்போது தொலைவை எப்படிக் கணிப்பது? அதற்கு ஒரே ஒரு வழியைத் தாத்தா கற்றுக்கொடுத்திருந்தார். படத்தில் அளவு தெரிந்த ஒரு பொருளைத் தேட வேண்டும். வாசற்கதவு ஏறத்தாழ ஏழடி உயரம். வளர்ந்த மனிதர் ஐந்தரை அடி. அருகில் நிற்கும் மனிதரைப்போல், தள்ளி நிற்கும் மனிதர் படத்தில் நான்கில் ஒரு பங்கு உயரமே இருந்தால், அவர் நான்கு மடங்கு தொலைவில் நிற்கிறார். உருவம் பாதியானால் தொலைவு இரு மடங்கு. உருவம் பத்தில் ஒன்றானால் தொலைவு பத்து மடங்கு. "ஒன்று தெரிந்தால் போதும், மற்றது தானாக வரும்" என்பார்.

இதே நம்பிக்கையில்தான் இந்திய நாட்டையே அளந்தார்கள். அந்தப் பணி ஆவடியிலிருந்து வெகுதொலைவில் தொடங்கவில்லை. சென்னையின் பரங்கிமலை அடிவாரத்தில் தொடங்கியது. 1802ஆம் ஆண்டு ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்னும் படை அலுவலர் 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி ஒன்றை அங்கே விரித்தார். வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானியால் சூட்டை அளந்து, மறுபடியும் மறுபடியும் நகர்த்தி, ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஒரே ஒரு நேர்கோட்டை அளந்து முடிக்கப் பல வாரங்கள் ஆயின. அந்தக் கோடு உறுதியானபின், அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் உள்ள ஒரு குன்றை நோக்கிக் கோணங்களைக் குறித்தால், சங்கிலியைத் தூக்கிச் செல்லாமலே குன்றின் தொலைவு கிடைத்துவிடும். கிடைத்த பக்கத்தின்மீது அடுத்த முக்கோணம், அதன்மீது மற்றொன்று. இடையிடையே வேறு கோடுகளை அளந்து, கணக்குப் பிசகவில்லை என்று சரிபார்த்துக்கொண்டார்கள்.

உயரமான குன்றுகள் இல்லாத இடங்களில் கோயில் கோபுரங்கள் கைகொடுத்தன. 1808ஆம் ஆண்டில் தஞ்சைக் கோயிலின் மேலே ஏற்றும்போது, அரை டன் எடையுள்ள கோணமானி கயிறு அறுந்து மோதி நசுங்கியது. லாம்டன் அதைத் தம் கையாலேயே சீர்செய்து வேலையைத் தொடர்ந்தார். பின்வந்தவர்கள் அந்த முக்கோணச் சங்கிலியை இமயமலை வரை கொண்டுசென்றனர். வங்கத்தைச் சேர்ந்த கணித வல்லுநர் இராதாநாத் சிக்தர், நூறு மைலுக்கும் அப்பாலிருந்து குறிக்கப்பட்ட கோணங்களைக் கொண்டு ஒரு சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டார். 1856ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட அந்த உயரம் 29,002 அடி. எவரெஸ்டு என்று இன்று வழங்கும் அச்சிகரத்தின் இன்றைய அளவு 8848.86 மீட்டர், அதாவது ஏறத்தாழ 29,032 அடி. காலடி படாத சிகரத்தை அளந்ததில் நேர்ந்த பிழை 30 அடி. கண் மதிப்பீடு அத்தனை துல்லியமாக அமைந்ததற்குக் காரணம் கண்ணின் கூர்மை மட்டுமன்று. அடியில் உறுதியாக அளந்த கோடுகளும்தான்.

அதே 1856ஆம் ஆண்டு சூலை முதல் நாள், இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. ஆவடி வழியாகச் செல்லும் இருப்புப்பாதை அதுவே. தாத்தாவின் வாழ்நாளில் பெரும்பகுதி அந்தப் பாதையில் கழிந்தது.

தண்டவாளத்தில் ஒரு படம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரன் பழைய தொகுப்பைத் திறக்கவில்லை. கைப்பேசியில் இருந்த புதிய படம் ஒன்றைக் காட்டினான். இரு தண்டவாளங்களுக்கு நடுவே அவன் கைகளை விரித்து நிற்கிறான். அவனுக்குப் பின்னே பாதை குறுகிக்கொண்டே போய், ஓரிடத்தில் சின்னஞ்சிறு புள்ளியாக ஒரு ரயில் தெரிகிறது. படத்தை எடுத்தவன் அவனுடைய நண்பன்.

"ரயில் எவ்வளவு தூரம், தாத்தா? ஒரு கிலோமீட்டர் இருக்கும் என்று நான் சொல்கிறேன்."

தாத்தா வழக்கம்போல் எந்தச் சொல்லையும் புரட்டவில்லை. "உன் உயரம் எவ்வளவு?" என்று கேட்டார்.

"ஐந்து அடி ஆறு அங்குலம்."

"இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலமும் அதுதான். 1676 மில்லிமீட்டர், ஐந்தடி ஆறங்குலம். உன்னைக் குறுக்கே கிடத்தினால் கச்சிதமாகப் பொருந்துவாய்."

பேரன் சிரிக்கவில்லை. தாத்தா படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கச் சொன்னார். அகலப்பாதையின் அகலம் எங்கும் மாறாது. ஆகவே, தண்டவாளமே படத்தின் குறுக்கே கிடத்தப்பட்ட அளவுகோல். பேரனின் கால்களுக்கு அருகே அந்த அகலம் 1000 படப்புள்ளிகளாக இருந்தது; ரயில் நின்ற இடத்தில் 20 படப்புள்ளிகள். ஐம்பதில் ஒரு பங்கு. நண்பன் எத்தனை சிலீப்பர் கட்டைகள் தள்ளி நின்று படம் எடுத்தான் என்று தாத்தா கேட்டார். எட்டு என்று பேரனுக்கு நினைவிருந்தது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர், எட்டுக்கு 4.8 மீட்டர். அதன் ஐம்பது மடங்கு 240 மீட்டர்.

ஒரு கிலோமீட்டர் என்று கண் சொன்னது. நான்கில் ஒரு பங்குகூட இல்லை என்று கணக்குச் சொன்னது. கைப்பேசிக் கருவியின் அகன்ற வில்லை, அருகிலிருப்பதைப் பெரிதாகவும் அப்பாலிருப்பதை மிகச் சிறிதாகவும் காட்டும். அதனால் நெருங்கி வந்த ரயில் நெடுந்தொலைவில் நிற்பதுபோல் தெரிந்தது. மாமல்லபுரத்தில் பாறையை லட்டு ஆக்கிய அதே மாயம்.

"அந்த வண்டி மணிக்கு 90 கிலோமீட்டரில் வந்திருந்தால், நொடிக்கு 25 மீட்டர். உனக்கு இருந்தது பத்து நொடிகூட இல்லை" என்றார் தாத்தா. சற்றுப் பொறுத்து, "அந்தக் கட்டைக்குச் சிலீப்பர் என்று பெயர். அது தூங்குவதே இல்லை. அதன்மேல் நிற்பவர்கள்தான் தூங்கிப்போகிறார்கள்" என்றார். அது அவர் வழக்கமாகச் சொல்லும் சிலேடைபோல் இல்லை.

கண்ணும் கணமும்

அதன்பின் அவர் விளக்கிய செய்தி, ஓட்டுநர் அறையின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கற்றது. 400 மீட்டர் தொலைவில் நேரே வரும் ரயிலின் முகம், வானத்து முழுநிலவின் அகலமே இருக்கும். நீட்டிய கையின் சுண்டுவிரல் நுனியில் அதை மறைத்துவிடலாம். நொடிக்கு 25 மீட்டர் விரைவில் அது 200 மீட்டருக்கு வர எட்டு நொடிகள் ஆகும். அதற்குள் அது இரண்டு நிலவுகளின் அகலம் ஆகியிருக்கும், அவ்வளவே. பார்ப்பவர் கண்ணுக்கு வண்டி ஏறக்குறைய நின்ற இடத்திலேயே இருக்கும். அடுத்த நான்கு நொடிகளில் நான்கு நிலவுகள். அடுத்த இரண்டு நொடிகளில் எட்டு. அதற்கடுத்த ஒரே நொடியில் பதினாறு. நெடுநேரம் வராததுபோல் இருந்தது ஒரு கணத்தில் வந்துவிடும். கண் ஏமாறுவது முதற்பாதியில். கால் ஏமாறுவது கடைசிக் கணத்தில்.

பெரிய பொருள்களின் வேகத்தைக் குறைத்து மதிப்பிடுவதும் கண்ணின் இயல்பு. மீனம்பாக்கத்தில் இறங்கும் பெரிய வானூர்தி வானில் மிதப்பதுபோலத் தோன்றும். அதைவிடப் பன்மடங்கு மெதுவாகப் பறக்கும் சிட்டுக்குருவி விரைவதுபோலத் தோன்றும். ரயிலின் பேருருவமும் அதேபோல் அதன் வேகத்தை மறைத்துவிடுகிறது.

"ஓட்டுநர் பார்த்திருப்பாரே, பிரேக் போட்டிருப்பாரே?" என்று பேரன் கேட்டான்.

"பார்ப்பார். போடுவார். அந்த வேகத்தில் வரும் வண்டி நிற்க அரைக் கிலோமீட்டருக்கு மேலேயே வேண்டும். உனக்கும் அதற்கும் இடையே இருந்தது அதில் பாதிகூட இல்லை."

பிறகு அவர், முன்பு வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். பணியிலிருந்த காலத்தில் ஒருநாள், வளைவு தாண்டியதும் பாதையின் நடுவே ஓர் இளைஞன் நின்றிருந்தான். முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தான். இவர் பிரேக்கை இழுத்துவிட்டு ஊதலை அழுத்தியபடியே இருந்தார். செய்வதற்கு அதற்குமேல் எதுவும் இல்லை. "நிறுத்த முடியாது என்று தெரிந்த பிறகும் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். அது கூப்பிடு தூரம்தான், கண்ணு. ஆனால், கூப்பிட்டது அவனுக்குக் கேட்கவில்லை" என்றார். வண்டி நின்ற பிறகும் ஊதலிலிருந்து தம் கையை எடுக்க நெடுநேரம் ஆயிற்று என்பதையும் சொன்னார். அந்த இளைஞனின் பெயரை அவர் மறுநாள் செய்தித்தாளில் அறிந்தார். அதைப் பேரனிடம் சொல்லவில்லை.

அத்துமீறி இருப்புப்பாதையில் நுழைவது 1989ஆம் ஆண்டின் இரயில்வே சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். அதைத் தாத்தா எடுத்துச் சொல்லவில்லை. 240 என்னும் எண்ணைத் திரையில் அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோய், அன்றைய தேநீரைத் தாமே போட்டார். தோற்றவர் யார் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மேம்பாலத்தில் நின்று

அடுத்த ஞாயிறு இருவரும் ஆவடி நிலையத்தின் நடைமேம்பாலத்தில் ஏறி நின்றனர். கிழக்கே அண்ணனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வண்டியின் விளக்கு தெரிந்தது. பேரன் கையை நீட்டிச் சுண்டுவிரலால் அதை மறைத்துப் பார்த்தான். பாதையோரத்து மின்கம்பங்களை எண்ணினான். நேர்பாதையில் இரு கம்பங்களுக்கு இடையே அதிக அளவு 72 மீட்டர் என்பதைத் தாத்தாவிடமிருந்து தெரிந்து வைத்திருந்தான். பிறகு வாய்விட்டு நொடிகளை எண்ணத் தொடங்கினான். விளக்கு அசையாதிருந்தது, அசையாதிருந்தது, திடீரென்று பாலம் அதிர்ந்தது. அவன் எதிர்பார்த்த எண்ணிக்கையில் பாதியைக்கூட எட்டியிருக்கவில்லை. அவனோடு வந்திருந்த நண்பன், கைப்பேசியைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காமலே நின்றான்.

அந்தப் படத்தை அழித்துவிடலாம் என்று பேரன் சொன்னபோது தாத்தா ஒப்பவில்லை. அதை அச்சிட்டு வாங்கிவந்து, பழைய தொகுப்பில் மாமல்லபுரப் படத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டினார். அதன் கீழே பேரன் தன் கையால் "240 மீட்டர், பத்து நொடிக்கும் குறைவு" என்று எழுதினான்.

வீட்டுக்கு வருவோர் தொகுப்பைப் புரட்டும்போது அந்தப் பக்கத்தில் நின்று காரணம் கேட்பதுண்டு. தாத்தா இரண்டு படங்களையும் காட்டுவார். "இதில் பாறையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அதில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அன்றைக்கு அது அவனுக்குத் தெரியவில்லை" என்பார்.